மோட்சராக்கினியின் பசி

வலைமாதாபுரத்தில் தவக்காலம் பிறந்தால் ஆடுகளுக்கு ஆயுசு கூடும், மீன்களுக்குக் குறையும். மாமிசம் கூடாது என்றுதானே திருச்சபை சொல்லியிருக்கிறது, மீன் எப்படி மாமிசமாகும், அது உப்புத் தண்ணீரில் விளைகிற ஒரு மாதிரிக் காய்கறி என்று எந்தக் காலத்திலோ ஊர் கூடி முடிவு செய்துவிட்டது. ஆகவே திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வருகிறவர்கள் சீலா மீன் குழம்பும் பொரித்த நெத்திலியும் இறால் தொக்கும் முன்னால் வைத்துக்கொண்டு, ஆண்டவரே எங்கள் ஒறுத்தலை ஏற்றுக்கொள்ளும் என்று மனமுருக ஜெபித்துவிட்டுத்தான் கையை நனைப்பார்கள். ஆண்டவர் இதுவரை மறுப்புச் சொன்னதாகத் தகவல் இல்லை.

இந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிற அமலோற்பவம் டீச்சருக்கு ஆடும் ஒன்றுதான், நெத்திலியும் ஒன்றுதான். அவள் பசித்துச் சாப்பிட்டுப் பல வருடமாகிவிட்டது. கடிகாரம் எட்டு காட்டினால் இட்லி, ஒன்று காட்டினால் சோறு, நடுவில் ஒரு ஏப்பமும் ஒரு வாயு மாத்திரையும், அவ்வளவுதான் அவளுக்கும் உணவுக்கும் உள்ள உறவு. மற்றவர்கள் முட்டி மோதி விடப் பார்க்கிற நாக்காசை தனக்கு இயல்பாகவே இல்லை என்பதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் கணவர் கஸ்பார்தான் பாவம், ருசி தெரியாத ஒருத்தி சமைத்ததைத் தின்று தின்று வருடம் முழுக்கத் தவக்காலத்திலேயே குடியிருந்தார்.

தவக்காலத்து முதல் ஞாயிறன்று பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் பூவரச மரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்து, ஜெபம், தவம், தர்மம் மூன்றையும் ஒப்பிக்கச் சொல்லிவிட்டு, அமலோற்பவம் தர்மத்தைப் பிடித்துக்கொண்டாள். போன வருடம் ஏழைகளுக்கென்று பிள்ளைகள் கொண்டுவந்து குவித்த ஒற்றைச் செருப்பும் முனை ஒடிந்த பென்சிலும் தலையில்லாத பொம்மையும் அவள் கண்ணுக்குள் இன்னும் நின்றன.

"வேண்டாததக் குடுக்கதுக்குப் பேரு தர்மமில்ல, குப்ப கொட்டுதது," என்றாள். "உங்ககிட்ட எது நெறய இருக்கோ, அதுல இருந்து குடுக்கணும். குடுத்ததத் திருப்பிக் கேக்கக் கூடாது. வாங்குதவங்களும் வேண்டாம்னு மூஞ்சியத் திருப்பக் கூடாது, ரெண்டு கையையும் நீட்டி சிரிச்சிட்டே வாங்கணும். இப்ப சொல்லுங்க, யார்கிட்ட என்ன நெறய இருக்கு?"

"எங்க வீட்ல தம்பிங்க நெறய இருக்கானுவ டீச்சர், ஒண்ணத் தந்திரட்டா?" என்று ஒருத்தி கேட்டாள். சிரிப்பு அடங்குவதற்குள் கடைசி வரிசையிலிருந்து மோட்சராக்கினி எழுந்தாள். விண்ணுலக அரசி என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, கருவாட்டுக் களத்தில் கூலிக்குப் போகும் கித்தேரியின் மகளுக்குப் பெயரைத் தவிர அரசியாக வேறொன்றும் வாய்க்கவில்லை.

"எங்கிட்ட பசிதான் டீச்சர் நெறய இருக்கு. குடுக்கட்டா?"

பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். சொன்ன வாயால் பின்வாங்க முடியுமா, இரண்டு கையையும் நீட்டி, "சரிட்டி, குடு," என்றாள்.

ராக்கினி சட்டையைத் தூக்கி, சட்டியின் அடியில் ஒட்டியதை வழிப்பதுபோல வயிற்றை ஒரு வழி வழித்து, வழித்ததைச் சிந்தாமல் கொண்டுவந்து டீச்சர் கையில் வைத்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு பிடி ஈர மணலின் கனமும் கொஞ்சம் சூடும் மட்டும் இருந்தது. பிறகு அது உள்ளங்கை வழியாக இறங்கி, முழங்கை, தோள், நெஞ்சு என்று வழி கேட்டுக்கொண்டு போய், அமலோற்பவத்தின் வயிற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. அவள் அருள் நிறைந்த மரியேகூட முழுதாகச் சொல்லாமல் வகுப்பைக் கலைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

அடுப்படியில் நின்றபடியே, பானையில் கிடந்த பழைய சோற்றைப் பிழிந்து, ஒரு சின்ன உள்ளியைக் கடித்துக்கொண்டு தின்றாள். அந்த உள்ளி அவள் நாக்கில் பட்டபோது நடந்ததைச் சொல்ல வேண்டுமானால், பல வருடம் பூட்டிக் கிடந்த வீட்டின் எல்லாச் சன்னலையும் ஒரே நேரத்தில் யாரோ திறந்துவிட்ட மாதிரி இருந்தது. உப்பு உப்பாக இருந்தது. சோறு இனித்தது. கஸ்பார் வந்து பார்க்கும்போது அவள் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஏளா, என்ன ஆச்சு?"

"பசிக்குதுங்க," என்றாள் அமலோற்பவம், முதன்முதலாகக் காதலிக்கிறவள் மாதிரி வெட்கத்தோடு.

அன்று சாயங்காலமே அவள் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்ட கஸ்பார் எழுந்துபோய் மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தினார்.

விஷயம் ஊருக்குத் தெரிந்தபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. வலைமாதாபுரத்துக்காரர்கள் எதற்கும் வாயைப் பிளப்பதில்லை. எனக்கு எவ்வளவு கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள். அடுத்த ஞாயிறு பிள்ளைகள் டீச்சரைச் சூழ்ந்துகொண்டு, "இருக்கதப் பகிர்ந்து குடுக்கணும்னு நீங்கதான சொன்னிய," என்று மடக்க, அவள் வயிற்றிலிருந்து ஆளுக்கு ஒரு கிள்ளு கிள்ளிக் கொடுத்தாள். கிள்ளக் கிள்ள அது குறைந்த மாதிரியே தெரியவில்லை. ராக்கினியின் பசி அவளுடையது மட்டுமா, அவள் அம்மாவுடையதும் அம்மாவைப் பெற்றவளுடையதும் சேர்ந்து கெட்டிப்பட்டுப்போன பசி அது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பாகற்காயைக் கேட்டு வாங்கித் தின்றார்கள். சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் பிள்ளைகளின் பின்னால் ஓடிய தாய்மார்கள் எல்லாம் முதலில் அதிசயப்பட்டு, பிறகு நன்றி சொல்லி, பிறகு ஆளுக்கொரு தூக்குச்சட்டியோடு டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

அதன் பிறகு அந்தத் தவக்காலம் போன வேகத்தைக் கேட்கவே வேண்டாம். பத்தியச் சாப்பாடு வெறுத்துப்போன சர்க்கரை வியாதிக்காரர்கள் வந்தார்கள், மருந்து தின்று நாக்குச் செத்தவர்கள் வந்தார்கள், மருமகள் சமையல் வாய்க்கு வெளங்கவில்லை என்று மாமியார்களும், மாமியாரை உட்கார வைத்துச் சாப்பிட வைப்பதற்குள் உயிர் போகிறது என்று மருமகள்களும் வந்தார்கள். வாங்கிப் போனவர்கள் தாங்களும் கிள்ளி அக்கம்பக்கத்தில் கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் பலகாரத்தோடு ஒரு கிள்ளு பசியும் தட்டில் வைப்பது மரியாதை என்றானது. மீன் ஏலம் கூறுகிற இடத்தில் விலை ஏறியது, காய்கறி வண்டிக்காரன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வந்தான், கடலில் வலை போட்டவர்கள் கரைக்கு வருவதற்குள் படகிலேயே பாதியைச் சுட்டுத் தின்றார்கள். ஊரெங்கும் குழம்பு கொதிக்கும் வாசனையில் தபசுப் பாட்டுப் பாடுகிறவர்களுக்கு நடுநடுவே எச்சில் ஊறி ராகம் வழுக்கியது.

பங்குப் பேரவைக் கூட்டத்தில் மட்டும் ஒரு கேள்வி வந்தது. அடுத்தவர் பசியை வைத்துக்கொண்டு சாப்பிட்டால் நோன்பு முறிந்ததாகுமா, ஆகாதா? பங்குச் சாமியார் வலேரியன் தாடையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"தன் பசிய அடக்குதது நோன்பு," என்றார். "அடுத்தவங்க பசிக்குச் சோறு போடுதது தர்மம். அந்தப் பசி யார் வயித்துல இருக்குங்கது ரெண்டாவது விஷயம்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஆக ஊர் முழுவதும் மூன்று வேளையும் மூக்கு முட்டத் தர்மம் செய்தது. சாமியாரும் கூட்டம் முடிந்ததும் அமலோற்பவத்தைத் தனியாகக் கூப்பிட்டு, பங்கு வீட்டுச் சமையல் தொண்டைக்குழியில் இறங்கவில்லை என்று சொல்லி ஒரு பெரிய கிள்ளாக வாங்கிக்கொண்டார்.

ராக்கினிக்கும் முதலில் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. வயிற்றில் கல் மாதிரி கிடந்தது போய்விட்டதில் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். பள்ளிக்கூடத்தில் போடுகிற மதியச் சோற்றையும் முட்டையையும் யார் கேட்டாலும் கொடுத்தாள். இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும், அமலோற்பவம் அவளைப் பூவரச மரத்தடியில் முன்னால் நிறுத்தி, "பாத்துக்கிடுங்க, இதான் பகிர்தல்," என்று சொல்லி, எல்லோரையும் கை தட்ட வைத்து, கழுத்தில் ஒரு ஜெபமாலையும் போட்டாள். ஜெபமாலை அந்தப் பிள்ளையின் கழுத்தில் ஊசலாடிய விதத்தை அவள் கவனிக்காமல் இல்லை. கவனித்துவிட்டு, மதியத்துக்கு வாங்கி வைத்திருந்த விளமீனை நினைத்துக்கொண்டாள்.

குருத்து ஞாயிறு நெருங்கும்போது கித்தேரி வந்தாள். வாசல்படி ஏறவில்லை. மேலெல்லாம் கருவாட்டு வாசனையோடு கீழேயே நின்றாள்.

"டீச்சரம்மா, எம்புள்ள பசியக் குடுத்துருங்க."

"குடுத்ததத் திருப்பிக் கேக்கலாமா கித்தேரி? புள்ளைக்கு நாமளே தப்பாச் சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிராதா?"

"மொதல்ல நானும் பேசாமத்தான் இருந்தேன்," என்றாள் கித்தேரி. "பொய் சொல்லல டீச்சரம்மா, ஒரு வயிறு கொறஞ்சிதேன்னு இருந்தேன். இப்ப சோறு பொங்குத அன்னைக்கும் திங்க மாட்டங்கா. வாயில ஊட்டுனா முழுங்க மறந்து அப்படியே வச்சிட்டிருக்கா. தூக்குனா தலவாணியத் தூக்குன மாதிரி இருக்கு. ஊரே எம்புள்ள பசிய வச்சித் திங்குது. இப்படியே போனா அவ செத்துப் போவா டீச்சரம்மா."

அமலோற்பவம், கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். சொன்னபோது மனதாரத்தான் சொன்னாள். ஆனால் அடுப்பில் மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இந்த ஒரு வேளை மட்டும் என்று நினைத்தாள். அதன்பின் காலையில் ஆப்பம் இருந்தது. அவள் கெட்டவள் இல்லை. பல வருடம் கழித்துத் திரும்பி வந்த ருசியை மறுபடி வழியனுப்ப அவளுக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். எல்லாரிடமும் வாங்கிச் சேர்த்து மொத்தமாகக் கொடுப்பதுதான் நியாயம் என்று ஒரு காரணமும் கண்டுபிடித்து, வீடு வீடாகப் போனாள்.

வீடு வீடாக ஒரே பதில்தான். "அதுக்கென்ன, குடுத்தாப் போச்சு. அசனம் முடியட்டும் டீச்சர்."

அசனம் என்றால் ஈஸ்டரன்று கோயில் முற்றத்தில் ஊரே பந்தியில் உட்கார்ந்து தின்கிற ஆட்டுக்கறி விருந்து. இத்தனை நாள் மீனோடு காத்திருந்துவிட்டு, கறி வரும் நேரத்தில் பசியைக் கொடுத்துவிட்டு உட்காருவதற்கு அவர்கள் என்ன கேனையர்களா? சாமியாரிடம் போனாள். அவர் வானத்தைப் பார்த்து, "உயிர்ப்பு மகிழ்ச்சிய முழுசா அனுபவிக்கணும்லா," என்றார். பிள்ளைகளிடம் போனாள். தம்பியைத் தருவதாகச் சொன்னவள்தான் கேட்டாள்.

"நீங்க உங்களுதக் குடுத்துட்டியளா டீச்சர்?"

அமலோற்பவம் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று மதியம் குழம்பு நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததற்காக அவள் தன்னையே வெறுத்தாள், வெறுத்துக்கொண்டே இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டாள்.

பெரிய வெள்ளியன்று வெயில் மண்டையைப் பிளக்க, சிலுவைப்பாதை தெருத்தெருவாகப் போனது. சாமியார் முன்னால் சிலுவையைத் தூக்க, ஊர் பின்னால் போக, இயேசுவின் பாடுகளை நினைத்து நிற்கிற ஒவ்வொரு தலத்திலும் முழங்கால் போட்டு எழுந்து, ஐஸ் கம்பெனி முக்கில் வந்தபோது சாமியார் ஒலிபெருக்கியில், "இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார்," என்றார். ராக்கினி விழுந்தாள்.

கூட்டம் உருகிவிட்டது. என்ன பக்தி, பச்சப்புள்ளைக்கு இருக்க ஞானத்தப் பாருங்க என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தாள், ஒருத்தர் செல்போனில் படம் பிடித்தார், அடுத்த தலத்துக்குப் பாட்டை எடுத்துவிட்டார்கள். ஊர்வலம் அந்தப் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் கல்லைச் சுற்றிப் போகிற மாதிரிப் போயிற்று. கித்தேரி அலறிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வருவதற்குள் அமலோற்பவம் குனிந்து பிள்ளையைத் தூக்கிவிட்டாள். தூக்குவதற்கு ஒன்றுமே இல்லை. கையில் இருந்தது வெறும் சட்டையும் ஜெபமாலையும்தானோ என்று பயந்துபோனாள்.

கோயில் பக்கவாட்டில் பந்தல் போட்டு, பெரிய வெள்ளிக்கென்று ஊருக்கெல்லாம் ஊற்றுகிற கஞ்சி அண்டாவில் ஆறிக்கொண்டிருந்தது. அங்கே நிழலில் படுக்க வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்ததும் ராக்கினி கண்ணைத் திறந்தாள். அமலோற்பவம் சேலையை ஒதுக்கி, வயிற்றைப் பிடித்து, தன்னிடம் இருந்தது அத்தனையையும் ஒரே வழியாக வழித்து எடுத்தாள். எடுத்த வேகத்தில் அவள் நாக்கில் ஒவ்வொரு சன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தது. கண்ணீர் முட்டியது. அந்த அழுகை பிள்ளைக்காக மட்டும் இல்லை, உண்மையைச் சொன்னால் ஆப்பத்துக்காகவும்தான்.

"இந்தா மக்கா, வாங்கிக்க."

ராக்கினி அந்தக் கையைப் பார்த்தாள். தன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"வேண்டாம் டீச்சர்."

"ஏட்டி, அடம் பிடிக்காத. இது இல்லாட்டி நீ செத்துப் போவ."

"உங்களுக்கு அது நல்லாருக்கும் டீச்சர். உங்க வீட்ல சோறு இருக்கு. வந்ததும் போட்டுருவிய, தின்னுட்டு அது பாட்டுக்குக் கெடக்கும்." பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. "எங்க வீட்ல அதுக்கு ஒண்ணும் கெடையாதுல்லா. சும்மா உக்காந்து என்னையத்தான் கடிக்கும். எனக்கு வலிக்கும்."

கித்தேரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். இத்தனை வருடம் மரத்தடியில் நின்று தர்மத்தைப் பற்றிக் கத்தியதில், வாங்கிக்கொள் என்று ஒரு பிள்ளையிடம் கெஞ்ச வேண்டி வரும் என்று அமலோற்பவம் நினைத்ததேயில்லை.

"சோறும் தாரேன்," என்றாள். "ரெண்டையும் சேத்தே தாரேன்."

"இன்னைக்குக் கஞ்சி எல்லாருக்கும்தான் ஊத்துதாவ."

"நாளைக்கும்."

"ஈஸ்டர் வரைக்கும் எல்லாரும் தருவாவ டீச்சர். அதுக்கு மறுநாளு?"

"மறுநாளும் வாரேன்."

"அதுக்கு மறுநாளு?"

அமலோற்பவம் வாயைத் திறந்தாள். எவ்வளவு நாளைக்கு என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்ததை உணர்ந்ததும் அவளுக்கே தன் மேல் அசிங்கமாக இருந்தது.

"நீ போதும்னு சொல்லுத வரைக்கும்," என்றாள்.

ராக்கினி அவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள். வட்டிக்காரன் அடகுக்கு வந்த நகையைப் பார்ப்பான், அந்த மாதிரி. பிறகு கையை நீட்டினாள். ஆனால், "மொதல்ல கஞ்சி," என்றாள். கஞ்சி கைக்கு வந்த பிறகுதான் பசியை வாங்கினாள்.

ஊர்வலம் முடிந்து வந்த பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பியைத் தருவதாகச் சொன்னவள் முதலில் தன் கஞ்சிக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்து, தன் கிள்ளையும் வைத்தாள். மற்றவர்களும் வந்தார்கள். பெரியவர்களில் சிலர் வெட்கப்பட்டு வந்தார்கள். தட்டில்லாமல் வெறும் பசியோடு வந்தவர்களை ராக்கினி திருப்பி அனுப்பினாள், அவர்கள் வீட்டுக்குப் போய் எதையாவது எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். சாமியார் பாதியைக் கொடுத்தார். மீதி அசனத்துக்குப் பிறகு தொலைந்துபோய்விட்டதாகச் சொன்னார். தராதவர்களும் இருந்தார்கள். அவர்களை அந்த ஊரில் இப்போதும் எளிதாக அடையாளம் கண்டுகொள்ளலாம், எவ்வளவு தின்றாலும் அடுத்தவர் இலையையே பார்ப்பார்கள்.

ஈஸ்டர் வந்தது, ஆடுகளின் ஆயுசு முடிந்தது, அசனத்தில் இலைக்கு இலை கறி விழுந்தது. அமலோற்பவம் உட்கார்ந்து மென்றாள், ஈரக் காகிதத்தை மெல்லுகிற மாதிரி இருந்தது. மறுநாள் ஊர் முழுக்க வயிறு உப்பித் தூங்கிக்கொண்டிருக்க, கடிகாரம் பன்னிரண்டைக் காட்டியதும் அவள் தூக்குச்சட்டியில் சோறும் மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு கருவாட்டுக் களத்தைத் தாண்டி, வெயிலில் நடந்து, கித்தேரியின் குடிசைக்கு முன்னால் போய் நின்றாள்.

ராக்கினி ஏற்கனவே தட்டோடு உட்கார்ந்திருந்தாள். சோற்றைப் பிசைந்து, பெரிய உருண்டையாக உருட்டி வாயில் போட்டு, இரண்டு கன்னமும் உப்ப மென்றாள். அமலோற்பவம் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்."

"என்ன மக்கா?"

"கொழம்புல உப்பே இல்ல."

கித்தேரி பதறிப்போய் மகள் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அமலோற்பவம் அவசரமாகக் குழம்பில் விரலை வைத்து நாக்கில் தடவிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அடிக்காத கித்தேரி," என்றாள். "அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." பிறகு சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, உப்பு இருக்கும் சிரட்டை எங்கே என்று கேட்டபடி குனிந்து அந்தக் குடிசைக்குள் போனாள்.